தமிழ்த் தாளை வாங்கி வாசித்த பிறகு கையெழுத்திடுங்கள்

கேள்வி: எனக்கு 31 வயது. முதல் பிள்ளை, இப்போது 13 கிழமை. வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை. கிளினிக் கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில். என் அம்மாவுக்கு என்னைப் பெறும் நேரம் பிரெஷர் ஏறி வலிப்பு வந்ததாம். போன கிளினிக்கில் ஓர் ஆய்வு உதவியாளர் வந்து, அப்படி வராமல் தடுக்க அஸ்பிரின் 75 மில்லிகிராம் போதுமா, 150 வேண்டுமா என்று பார்க்கும் ஆய்வில் சேரச் சொன்னார். யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்களாம். தொப்புள்கொடி இரத்தம் எடுப்பார்களாம், பிள்ளையை 2 வயது வரை பார்ப்பார்களாம். தந்த தாள் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. அன்றைக்கே கையெழுத்துக் கேட்டார்கள். அடுத்த முறை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். "வயிற்றுப் பிள்ளையை வைத்து எலிச் சோதனையா?" என்று மாமி ஏசுகிறா. சேராவிட்டால் வாட்டில் கவனிக்க மாட்டார்களோ என்று எனக்குப் பயம். கணவரின் கையெழுத்தும் வேண்டுமா? என்ன செய்யட்டும்?
— வாசகி, கொழும்பு 6

அன்பின் சகோதரிக்கு,

கையெழுத்தைப் பிற்போட்டுவிட்டு வந்தது சரியான வேலை. இப்படியான ஆய்வில் அன்றைக்கே பதில் சொல்ல வேண்டிய அவசரம் இல்லை. அதற்காக மாதக்கணக்கில் யோசிக்கவும் இடமில்லை. இந்த அஸ்பிரினை 16 கிழமைக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். உங்களுக்கு இப்போது 13. இரண்டு கிழமைக்குள் தமிழ்த் தகவல் தாளை வாங்கி, வீட்டில் ஆறுதலாக வாசித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். தமிழ்த் தாள் கைக்கு வரும்வரை எதிலும் ஒப்பமிட வேண்டாம். வந்த தாளில் நான் கீழே சொல்லும் விடயங்களுக்குத் தெளிவான பதில் இருந்தால் நீங்கள் சேரலாம் என்பதே என் கருத்து.

ஆய்வைச் சற்று ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் உடம்பைப் பார்ப்போம். உங்கள் அம்மாவுக்கு வந்தது பெரும்பாலும் சூல்வலிப்பாக இருக்கும். அதற்கு முந்திய கட்டம் முன்சூல்வலிப்பு. 20 கிழமைக்குப் பிறகு பிரெஷர் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறும். கூடவே சிறுநீரில் புரதம் போகும், அல்லது ஈரல், சிறுநீரகம், இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் பாதிக்கப்படும். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுதல். முதல் கர்ப்பம் என்பதும் ஒரு காரணி. இப்படி இரண்டு மிதமான காரணிகள் சேர்ந்தாலே 12 கிழமையிலிருந்து நாளுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுக்கும்படி பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனம் சொல்கிறது. ஆகவே உங்கள் வி.ஓ.ஜி. டொக்டரிடம், அதாவது மகப்பேற்று நிபுணரிடம், கேட்க வேண்டிய முதற் கேள்வி ஆய்வைப் பற்றியது அல்ல: "நான் இதில் சேராவிட்டால் எனக்கு அஸ்பிரின் எழுதுவீர்களா, எத்தனை மில்லிகிராம்?"

இந்தப் பதில் தெரியாமல் சேர்வதா விடுவதா என்று எடைபோட முடியாது. நீங்கள் எழுதியிருப்பதன்படி ஆய்வின் இரண்டு பிரிவுகளிலும் உண்மையான மருந்து இருக்கிறது. குறைந்த அளவான 75கூட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. எனவே எந்தப் பிரிவில் விழுந்தாலும் சாதாரணமாகக் கிடைக்க வேண்டியதை நீங்கள் இழக்கப்போவதில்லை. ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத போலிக் குளிசை மட்டும் கொடுக்கும் ஆய்வாக இருந்தால், உங்களுடைய குடும்ப வரலாற்றோடு சேர வேண்டாம் என்றே சொல்வேன்.

75ஆ 150ஆ என்ற சந்தேகம் உண்மையானது. 2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்துக் கூடிய 1,776 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினர் 11-14 கிழமையிலிருந்து 36 கிழமை வரை இரவில் 150 மில்லிகிராம் எடுத்தார்கள். அவர்களில் 1.6 வீதமானோருக்கும், போலிக் குளிசை எடுத்தவர்களில் 4.3 வீதமானோருக்கும் 37 கிழமைக்கு முன் பிரசவிக்க வேண்டிய அளவுக்கு முன்சூல்வலிப்பு வந்தது. 37 கிழமைக்குப் பிறகு வரும் வகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே 150ஐ 75உடன் ஒப்பிடவில்லை. எடை குறைந்த தெற்காசியப் பெண்ணுக்கு 75 போதுமா, 150 கொடுத்தால் வயிற்றெரிவும் இரத்தக்கசிவும் கூடுமா என்பதை யாராவது நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியவரும்.

கர்ப்பத்தில் அஸ்பிரின் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எச்சரிக்கை தலைவலிக்கு எடுக்கும் 300, 600 மில்லிகிராம் அளவுகளுக்கும், பிந்திய மாதங்களில் அதே வகையைச் சேர்ந்த மற்ற வலிமருந்துகளுக்கும் உரியது. அவை பிள்ளையின் இதயத்தருகே பிறப்புவரை திறந்திருக்க வேண்டிய ஒரு குழாயை நேரத்துக்கு முன் சுருக்கக்கூடும். 60 மில்லிகிராம் கொடுத்த கிளாஸ்ப் என்ற பெரிய ஆய்வு 1994இல் வந்தது; 9,364 பெண்கள் பங்குபற்றினார்கள். அவர்களின் பிள்ளைகளைப் பிறகு 18 மாத வயதில் பார்த்தபோதும் கேடு எதுவும் தென்படவில்லை. தாய்க்குத்தான் வயிற்றெரிவு, மூக்கால் இரத்தம் வருதல், பிரசவத்தின்போது இரத்தப்போக்குச் சற்றுக் கூடுதல் என்பன வரலாம். அஸ்பிரினால் மூச்சிழுப்பு (ஆஸ்துமா) வருபவர்கள், குடற்புண்ணால் இரத்தம் போனவர்கள் சேரக்கூடாது. இதையெல்லாம் உங்களிடம் கேட்காமலே படிவத்தை நீட்டினால் அந்த ஆய்வு எவ்வளவு கவனமாக நடக்கிறது என்ற சந்தேகம் நியாயமானதே.

மாமியின் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கர்ப்பிணிகளுக்கு மருந்தால் நேர்ந்த பெரிய கொடுமைகள் உண்டு. 1957இன் இறுதியில் விற்பனைக்கு வந்து 1961இல் நிறுத்தப்பட்ட தலிடோமைட் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கை கால் குறைபாட்டோடு பிறக்க வைத்தது. ஆனால் அந்தத் தாய்மார் ஆய்வில் சேர்ந்தவர்கள் அல்ல. சரியாகச் சோதிக்கப்படாத மருந்தைக் கடையிலும் கிளினிக்கிலும் வாங்கியவர்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று பல்லாண்டுகள் கொடுக்கப்பட்ட டி.ஈ.எஸ். என்ற ஹோர்மோனின் கதையும் அப்படித்தான். 1953இல் சிக்காகோவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு அதனால் பலனில்லை என்று காட்டியது. மருத்துவர்கள் கேட்கவில்லை. 1971இல், அதை எடுத்த தாய்மாரின் மகள்களுக்கு அரிதான ஒரு புற்றுநோய் வருவது தெரிந்த பிறகுதான் நிறுத்தினார்கள். கர்ப்பிணிகளை ஆய்விலிருந்து ஒதுக்கினால் ஆபத்து ஒதுங்கிப் போய்விடாது. எழுதிக் கண்காணிக்கப்படும் இடத்திலிருந்து, யாரும் கணக்கெடுக்காத கிளினிக்குகளுக்குள் போய்விடும்.

வெளிநாட்டில் செய்த ஆய்வு போதாதா என்றும் மாமி கேட்கலாம். 34 கிழமைக்கு முன் வலி வந்தால் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஒரு ஊசி போடுவார்கள். உங்கள் சொந்தக்காரர் யாருக்காவது போட்டிருப்பார்கள். அதன் பலனை 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். பிறகு அதே ஊசியை ஆர்ஜென்டினா, குவாதமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளில் கிராமங்கள், சிறிய ஆஸ்பத்திரிகள் வரை பரப்பிப் பார்த்தார்கள். அதன் முடிவு 2015இல் வந்தபோது எல்லோரும் திடுக்கிட்டார்கள்: மொத்தத்தில் பச்சிளம் பிள்ளைகளின் இறப்புக் கூடியிருந்தது, தாய்மாருக்குத் தொற்றும் கூடியிருந்தது. கிழமைக் கணக்குச் சரியாகத் தெரியாத இடங்களில் தேவையில்லாத பலருக்கும் ஊசி போயிருந்தது. உலக சுகாதார நிறுவனம் விடவில்லை. வங்காளதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் ஸ்கேன் மூலம் கிழமையை உறுதிப்படுத்தக்கூடிய, குறைமாதப் பிள்ளையைப் பராமரிக்க வசதியுள்ள 29 ஆஸ்பத்திரிகளில் 2,852 பெண்களோடு மறுபடி சோதித்தது. 2020இல் வந்த அந்த முடிவில், மருந்து ஊசி போட்ட பக்கத்தில் 19.6 வீதமான பச்சிளம் பிள்ளைகள் இறந்திருந்தார்கள், மருந்தில்லாத ஊசி போட்ட பக்கத்தில் 23.5 வீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் அந்த ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மருந்து ஒன்றேதான், யாருக்கு, எந்த வசதியில், எத்தனையாம் கிழமையில் என்பது மாறியதும் முடிவு தலைகீழானது. கொழும்பு கிளினிக்கில் செய்ய வேண்டியதைக் கொழும்பு கிளினிக்கில் சோதிப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்தச் சிங்களத் தாள். இதில் நீங்கள் கூச்சப்படவே கூடாது. கொழும்பில் நடக்கும் ஆய்வுக்குத் தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும் என்று எதிக்ஸ் கமிட்டிகள், அதாவது நெறிமுறை மீளாய்வுக் குழுக்கள், கேட்பது வழக்கம். ஆகவே தமிழ்த் தாள் பெரும்பாலும் அலுமாரியில் இருக்கும். எடுத்துக் கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். வாங்கியதும் மேலோ கீழோ பாருங்கள்: பதிப்பு இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும், சிங்களத் தாளிலுள்ளவையும் அவையும் பொருந்த வேண்டும். பழைய பதிப்பு என்றால் பின்னர் சேர்த்த எச்சரிக்கைகள் அதில் இருக்காது. தமிழில் தாளே இல்லை என்று சொன்னால், தமிழ் பேசுபவர்களைச் சேர்க்க அவர்கள் இன்னும் ஆயத்தமில்லை என்று அர்த்தம், சேராதீர்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவோ அட்டென்டன்டோ வாய்மொழியாகச் சொல்வதை வைத்துக் கையெழுத்திடவும் வேண்டாம். "கட்டாயம் இல்லை", "விலகலாம்" போன்ற வரிகள்தான் அப்படிச் சொல்லும்போது முதலில் விடுபடும். தமிழ் தெரிந்த, ஆய்வைப் பற்றிப் பதில் சொல்லக்கூடிய ஒருவரோடு இருந்து கதைக்க உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்திட்டால் ஒரு பிரதி உங்கள் கையில் தர வேண்டும்.

தாளில் எதிக்ஸ் கமிட்டியின் பெயர், அனுமதி இலக்கம், அதன் தொலைபேசி எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண் ஆய்வு செய்பவரின் எண்ணாக இருக்கக்கூடாது. முறைப்பாடு செய்வதற்கான தனி இடம் அது. மருந்து ஆய்வென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். அதைவிட எளிதான ஒரு சோதனையை உங்கள் போனிலேயே செய்யலாம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு ஒன்றை நடத்துகிறது, யாரும் இணையத்தில் பார்க்கலாம். பதிவு இலக்கம் எஸ்.எல்.சி.டி.ஆர். என்று தொடங்கி, ஆண்டும் எண்ணும் வரும். அந்தப் பக்கத்தில் எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள், பணம் யார் கொடுக்கிறார்கள், பொறுப்பான மருத்துவர் யார் என்பதெல்லாம் இருக்கும். முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. பிந்திப் பதிந்தால், தமக்குச் சாதகமாக வந்ததை மட்டும் பிறகு "இதைத்தான் பார்க்க வந்தோம்" என்று சொல்ல வழி திறந்துவிடும். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

யாருக்கு எது என்று சொல்லாதது உங்களை ஏமாற்றுவதற்காக அல்ல. இப்படியான ஆய்வில் வழக்கமாக எல்லோருக்கும் இரவில் இரண்டு குளிசை வரும். ஒரு பிரிவுக்கு இரண்டும் 75 மில்லிகிராம் மருந்து. மற்றப் பிரிவுக்கு ஒன்று மருந்து, ஒன்று அதே தோற்றத்தில் மருந்தில்லாதது. யாருக்கு எந்தப் பெட்டி என்பதைக் கணினி குலுக்கிப் போடும். டொக்டரைத் தெரிவுசெய்ய விட்டால் ஆபத்துக் கூடியவர்களுக்கு அவர் தன்னையறியாமலே 150 எழுதுவார்; அவர்களுக்கு எப்படியும் சிக்கல் கூடுதலாக வரும்; கடைசியில் 150 கெட்டது என்ற பிழையான முடிவு வரும். அவசரத்தில் பெட்டியின் இரகசியத்தை உடனே உடைத்துப் பார்க்க 24 மணித்தியாலமும் ஒருவர் இருக்க வேண்டும். அந்த எண் எழுதிய சிறு அட்டையைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியின் உள் மட்டையில் ஒட்டுங்கள். போனில் மட்டும் பதிந்து வைத்தால் போதாது. நீங்கள் கதைக்க முடியாத நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே திறந்து பார்ப்பது கொப்பியைத்தான்.

குளிசை விடயத்தில் பிழை நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். வெள்ளவத்தைப் பக்கம் பலர் அரசாங்க கிளினிக்குக்கும் போய், வேறொரு வி.ஓ.ஜி.யைச் சனலும் பண்ணுகிறார்கள், அதாவது காசு கட்டித் தனியாரிடமும் காட்டுகிறார்கள். சனல் டொக்டரிடம் ஆய்வைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரும் அஸ்பிரின் எழுதுவார், பார்மசியில் வேறு பெயரில் வரும் குளிசையை நீங்கள் அடையாளம் காண மாட்டீர்கள், அளவு இரட்டிப்பாகிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே கொப்பியைக் காட்டுங்கள். ஒரு நாள் மறந்தால் மறந்ததுதான், அடுத்த நாள் இரட்டையாக எடுக்க வேண்டாம். மிஞ்சிய குளிசைகளைப் பெட்டியோடு திருப்பிக் கொண்டுபோங்கள், எண்ணுவார்கள். ஏசுவார்கள் என்று பயந்து மிஞ்சியதைக் குப்பையில் போடும் அம்மாமார் உண்டு. அப்படிச் செய்தால் எடுக்காத மருந்து எடுத்ததாகக் கணக்கில் ஏறும், மருந்தைப் பற்றிய முடிவே பிழைக்கும்.

கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு டெங்குவைப் பற்றி அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். டெங்குவில் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்கும். அஸ்பிரின் மிஞ்சிய தட்டுகளையும் வேலை செய்ய விடாது, அந்தத் தட்டு இரத்தத்தில் இருக்கும் காலம் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாள். எனவே காய்ச்சல் தொடங்கிய அன்றே ஆய்வுக் குளிசையை நிறுத்தி, அட்டையிலுள்ள எண்ணுக்கு அழைத்துச் சொல்லி, முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணி மூன்றாம் நாள் வரை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டுக்கு மேல் வேண்டாம், இடையில் 6 மணித்தியாலம் விடுங்கள். 50 கிலோவுக்குக் குறைவான நிறை என்றால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். டைக்ளோபெனக், இபுபுரோபன் வேண்டவே வேண்டாம். தகவல் தாளில் காய்ச்சல், டெங்கு என்று ஒரு வரியாவது இல்லாவிட்டால் அதை நீங்களே கேளுங்கள். கொழும்பில் அஸ்பிரின் ஆய்வு நடத்துபவர் அதை எழுதாமல் விட்டிருந்தால் அது சிறிய குறை அல்ல.

சேராவிட்டால் வாட்டில் கவனிக்க மாட்டார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். மறுத்தவருக்கும் இடையில் விலகியவருக்கும் பராமரிப்புக் குறையக்கூடாது என்பது ஆய்வு நெறிமுறையின் அடிப்படை. 1964இல் எழுதப்பட்டுப் பல தடவை திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. நடைமுறையில் உங்களைப் பார்க்கும் வி.ஓ.ஜி.யே ஆய்வின் தலைவராகவும் இருந்தால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கஷ்டம்தான். அப்போது, சம்மதம் வாங்கும் வேலையைச் சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவர் செய்யட்டும் என்று கேட்கலாம். மறுப்புக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. யாராவது முகம் கோணினால், கடுமையாகப் பேசினால் கமிட்டியின் எண்ணுக்கு அழையுங்கள்.

கணவரின் கையெழுத்து: வேண்டாம். உங்கள் உடம்பு சம்பந்தப்பட்ட ஆய்வுக்கு உங்கள் சம்மதம் மட்டும் போதும். அதற்குப் பதிலாக வேறு யாருடைய அனுமதியையும் வைக்கக்கூடாது என்று சர்வதேச வழிகாட்டிகள் சொல்கின்றன. அவரோடு வீடியோவில் கதைத்து, தாளைப் படம் பிடித்து அனுப்பி, இரண்டு பேருமாக யோசிப்பது வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். பிறந்த பிறகு பிள்ளையைப் பின்தொடர்வதற்குப் பெற்றோரின் அனுமதி தனியாகத் தேவைப்படும். ஒருவர் ஒப்பமிட்டால் போதுமா, இருவரும் இட வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள். இருவரும் என்றால் கட்டாரிலிருந்து எப்படி ஒப்பமிடுவது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

தொப்புள்கொடி இரத்தம் எடுப்பதால் உங்களுக்கும் பிள்ளைக்கும் வலி இல்லை. கொடியைக் கிளிப்பால் கவ்வி வெட்டிய பிறகு நச்சுக்கொடிப் பக்கத்திலிருந்து சில மில்லிலீற்றர் எடுப்பார்கள். ஒரே ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிறந்ததும் குறைந்தது 1 நிமிடம் பொறுத்தே கொடியைக் கவ்வ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நேரத்தில் பிள்ளைக்குள் போகும் இரத்தம்தான் அடுத்த மாதங்களுக்கான இரும்புச்சத்து. குப்பி நிறைய வேண்டும் என்பதற்காக முந்திக் கவ்வினால் ஆய்வுக்கு இலாபம், பிள்ளைக்கு நட்டம். "மாதிரி எடுப்பதற்காகக் கொடியை முந்திக் கவ்வுவீர்களா?" என்று கேட்டுப் பதிலைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த இரத்தத்தை எத்தனை ஆண்டு வைப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, மரபணுச் சோதனை செய்வார்களா என்பதற்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை என்று நீங்கள் குறிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கையெழுத்துக்குள் அடைத்திருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

பிள்ளையிடமிருந்தும் இரத்தம் எடுப்பார்கள் என்றால் அளவைக் கேளுங்கள். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் எல்லை இது: ஒரு தடவையில் மொத்த இரத்தத்தின் 1 வீதம், நான்கு கிழமைக்குள் எல்லாம் சேர்த்து 3 வீதம். 3 கிலோ பிள்ளையின் உடலில் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் இரத்தம். ஆகவே ஒரு தடவைக்கு 2.5 மில்லிலீற்றர், அரைத் தேக்கரண்டி. பிறந்த பிள்ளைக்குத் தைரொய்ட் சோதனைக்காகக் குதிக்காலில் குத்தி எடுப்பார்கள். ஆய்வுக்கான துளியையும் முடிந்தால் அதே குத்தலில் எடுக்கச் சொல்லுங்கள்.

2 வயது வரை பார்ப்பதை நான் இந்த ஆய்வின் நல்ல அம்சமாகவே எண்ணுகிறேன். டி.ஈ.எஸ். கதையில் இல்லாமல் போனது அதுதான். பேய்லி போன்ற ஒரு பிள்ளை வளர்ச்சி அளவுகோலை வைத்துப் பிள்ளையின் நடை, கை வேலை, விளக்கம், பேச்சு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் போகலாம். இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளரும் 2 வயதுப் பிள்ளையிடம் சிங்களத்தில் "பந்து எங்கே?" என்று கேட்டால் பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கும். பேச்சுப் புள்ளி குறையும், இல்லாத தாமதம் ஒன்று எழுதப்படும், நீங்கள் மாதக்கணக்கில் கவலைப்படுவீர்கள். தமிழில் சோதிக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்தால், பிறந்த திகதியை விட்டு, பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். நித்திரை, பசி நேரத்தில் சந்திப்பை வைக்க வேண்டாம். தாமதம் தெரிந்தால் எங்கே அனுப்புவார்கள், அந்த முடிவு பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதப்படுமா என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

ஏதாவது கேடு நடந்தால்? "சிகிச்சை இலவசம்" என்று தாளில் எழுதியிருப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது எப்படியும் இலவசம்தான், அதனால் அந்த வரி தனியே எதையும் தராது. ஆய்வுக் காப்புறுதி இருக்கிறதா, வெளியில் செய்ய வேண்டிய சோதனைக்கும் நீண்டகாலப் பராமரிப்புக்கும் யார் பணம் கொடுப்பார், குழந்தைக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பிறவிக் குறை, உயிராபத்து, நிரந்தர ஊனம், நீடித்த ஆஸ்பத்திரி வாசம் ஆகியவை ஆய்வு விதிகளின்படி பாரதூரமான நிகழ்வுகள். காரணம் எதுவாக இருந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டால் ஆய்வுக் குழுவுக்குத் தெரியாமல் போய்விடும், ஆகவே வீட்டார் ஒருவர் அழைத்துச் சொல்லட்டும். சேர்ந்தபின் மனம் மாறினால் எந்த நாளும் நிறுத்தலாம், இந்த அளவு அஸ்பிரினைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் வி.ஓ.ஜி.யிடம் சொல்லுங்கள், உங்களுக்கு வெளியில் அஸ்பிரின் எழுத வேண்டியிருக்கும். குளிசையை நிறுத்துவதும் ஆய்விலிருந்து முற்றாக விலகுவதும் ஒன்றல்ல. குளிசை வேண்டாம், பிரசவ விபரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் முடியும். பிரச்சினை வந்தவர்கள் எல்லோரும் சொல்லாமல் மறைந்துவிட்டால் மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தோற்றும்; பிறகு அதை உங்கள் தங்கச்சிமாருக்குத்தான் கொடுப்பார்கள்.

போக்குவரத்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தருவது முறைதான். அதற்கு மேல் பெரிய தொகை தருவதாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய கேள்விகளையும் ஆய்வுக் குழு கேட்கட்டும். அம்மாவுக்கு எத்தனை மாதத்தில் பிரெஷர் ஏறியது, நீங்கள் எந்த நிறையில் பிறந்தீர்கள் என்று வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள், வி.ஓ.ஜி.க்கு அது உதவும். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் 20 கிழமைக்குப் பிறகு பனடோலுக்கும் அடங்காத தலைவலி, கண்முன் மின்னுதல் அல்லது மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலப்பக்க வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல், இரவானாலும் நேரே வாட்டுக்குப் போய்விடுங்கள்.